மூன்றாவது மறுப்பு

நீலக் காய்ச்சல் ஊருக்குள் நுழைந்து பதினோராவது நாள். கல்யாண மண்டபத்து வாசலில், வழக்கமாகப் பன்னீர்ச் செம்பும் கற்கண்டுத் தட்டும் வைக்கிற இடத்தில், அந்தப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

தையல் மிஷின் அளவுதான் இருக்கும். முன்னால் ஒரு ஓட்டை. விரலை உள்ளே விட வேண்டும். ஒன்பது விநாடி. நகத்தின் நிறத்தைப் பார்க்கும், ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று ஒளி பாய்ச்சிப் பார்க்கும், சூடு பார்க்கும், நாடி பார்க்கும். ரேகையை வைத்துக் குடும்ப அட்டையைத் தேடி, வயசு என்ன, தொழில் என்ன, சர்க்கரை உண்டா என்பதெல்லாம் எடுத்துக்கொள்ளும். பிறகு மணிக்கட்டில் மாட்டிய பட்டையில் விளக்கு எரியும். பச்சை என்றால் வீட்டுக்குப் போ. மஞ்சள் என்றால் பந்தி நடக்கும் கூடத்தில் காத்திரு. சிவப்பு என்றால் மாடியில் ஆக்சிஜன் குழாயோடு ஒரு மெத்தை. சாம்பல் என்றால் மணமகள் அறை. அங்கே வலி தெரியாமல் இருக்க ஊசி போடுவார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்யமாட்டார்கள்.

பெட்டிக்குச் சொந்தபந்தம் கிடையாது, சாதி கிடையாது, கவுன்சிலர் போன் செய்தால் எடுக்காது. அதனால்தான் கொண்டுவந்து வைத்தார்கள். போன தொற்றில் டாக்டரின் சட்டையைப் பிடித்து மெத்தை கேட்டவர்கள் நாம்தானே! மனுஷனிடம் விட்டால் மனுஷனையே அடிப்பார்கள் என்று தெரிந்துபோயிற்று. பெட்டியை யார் அடிப்பது?

அதன் பக்கத்தில் காலை ஆறு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தாள் நர்ஸ் கோகிலவாணி. தலை முதல் கால் வரை மூடிய நீல உடுப்புக்குள் முதுகெல்லாம் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள்வரை பக்கத்தில் இன்னொரு நர்ஸ் நின்றாள். அவளுக்கே நேற்று மத்தியானம் சிவப்பு எரிந்துவிட்டது. வரிசையில் யாராவது இருமினால் கோகிலாவின் காது தானாக அந்தப் பக்கம் திரும்பியது. இரவில் படுத்தாலும் அந்த ஒன்பது விநாடிச் சத்தம், கீகீ என்று, மண்டைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. பயம் என்றால் அப்படி ஒரு பயம். வெளியே சொன்னால் வேலைக்கு நிற்க முடியாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பெட்டிக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஊர் சாயப்பட்டறை ஊர். பாதிப் பேருக்குக் கையும் நகமும் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில்தான் இருக்கும். நகத்தில் ஏறிய சாயம் சோப்புக்கும் போகாது, பிளீச்சிங் பவுடருக்கும் போகாது. நகம் வளர்ந்துதான் போக வேண்டும். ஊரடங்கிலும் பட்டறைகளில் சில ஓடின. ஆஸ்பத்திரி உடுப்புக்கு நீலத் துணி வேண்டுமே! நீலத்தில் நனைந்த அந்தக் கைகள் லேசான ஜுரத்தோடு வந்து விரலை நீட்டினால், பெட்டி நகத்தைப் பார்க்கும், ஒளி பாய்ச்சும், சிவப்பு போட்டுவிடும். தெம்பாக நடந்து வந்தவனெல்லாம் மாடியில் மெத்தையில் படுத்துப் பன் தின்றுகொண்டிருந்தான். கீழே பந்திக் கூடத்தில், பால் சொசைட்டியில் வேலை பார்த்த ஒரு பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், மஞ்சள் பட்டையோடு மெத்தைக்குக் காத்திருந்து உட்கார்ந்தபடியே செத்துப்போனாள். அது ஆறாம் நாள்.

கோகிலாவுக்கு அது பொறுக்கவில்லை. அவள் புருஷன் சென்னியப்பனும் சாயப்பட்டறைக்காரன்தான். பன்னிரண்டு வருஷமாக அந்த நீலக் கையைப் பார்த்தவளுக்குத் தெரியாதா? சாயம் நகத்தின் நுனியிலும் ஓரத்திலும்தான் ஏறும். நகம் முளைக்கிற அடியில், அந்தப் பிறை வெள்ளையாகவே இருக்கும். காய்ச்சல் நீலமோ அடியிலிருந்துதான் கிளம்பும்.

நர்ஸுக்கு ஒரு உரிமை உண்டு. பெட்டி சொன்னது தப்பு என்று தோன்றினால், நேரில் பார்த்தவள் என்கிற முறையில், கட்டைவிரலை வைத்து மறுக்கலாம். ஒரே காரணத்துக்காக மூன்று தடவை மறுத்தால் பெட்டி அதையே விதியாக எடுத்துக்கொள்ளும். ஏழாம் நாள் கோகிலா அடுத்தடுத்து மூன்று பேருக்கு மறுப்புப் போட்டாள். மூன்றாவது ஆள் மாரப்பன், சென்னியப்பனோடு ஒரே பட்டறையில் வேலை செய்தவன். சிவப்பு பச்சையானதும், “நீங்க சொன்னாச் சரிதானுங்க அம்மிணி” என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டுப் போனான். திரையில் எழுத்து ஓடியது: சாயத் தொழிலாளி எனில் நகநிறமும் ஒளி அளவும் கணக்கில் சேராது.

அன்றைக்கு மாடியில் ஆறு மெத்தை காலியானது. மாடியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஜெயசீலி இறங்கி வந்து, கையுறை போட்ட கையால் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். கோகிலா அன்று ஒருநாள்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

இன்றைக்கு, பதினோராம் நாள் காலை, பத்தரை மணி இருக்கும். பட்டறை வேன் ஒன்று வாசலில் வந்து நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள். மூன்று பேர் குதித்து இறங்கினார்கள். நான்காவது ஆள் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தான், நின்றான், பிறகு அடுத்த காலை வைத்தான்.

சென்னியப்பன்.

பதினோரு நாளாக அவன் பட்டறையிலேயே தங்கி வேலை பார்த்தான். இவள் மண்டபத்திலேயே தங்கினாள். போனில்தான் பேச்சு. நேற்றுக்கூட, “நமக்கென்ன, நல்லாத்தான் இருக்கறேன்” என்றானே பாவி!

“மாமா!” என்று ஓடப்போனவள் உடுப்பு நினைவு வந்து நின்றாள். “என்னாச்சுங்க?”

“ஒண்ணுமில்ல அம்மிணி.” ஒரு மூச்சு. “லேசா.” இன்னொரு மூச்சு. “சளி.”

அவன் கூட வந்தவர்களில் மூத்தவன் பொன்னுசாமி முன்னால் வந்தான். “காத்தால இருந்து இப்படித்தானுங்க சிஸ்டர். மொதலாளி எங்களையுஞ் சேத்துப் பரிசோதனை பண்ணிட்டு வரச் சொல்லீட்டாரு. ராவெல்லாம் மாத்திரை போட்டுக்கிட்டு மிசின்ல நின்னாருங்க.”

கோகிலா புருஷன் விரலைப் பிடித்துப் பார்த்தாள். நுனியில் சாயம். அடியிலும் நீலம். பிறை இருக்க வேண்டிய இடத்தில் மைக்கறை போல நீலம். விரலை ஓட்டைக்குள் வைத்தாள்.

ஒன்பது விநாடி. தொழில்: சாயப்பட்டறை. நகநிறம் கணக்கில் இல்லை. ஒளி அளவு கணக்கில் இல்லை. மாத்திரை போட்டதால் சூடு குறைவு. வயசு நாற்பதுக்குள். வேறு நோய் இல்லை.

பச்சை எரிந்தது. வீட்டுக்குப் போகலாம்.

அவள் சட்டென்று கட்டைவிரலை வைத்தாள். பெட்டி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. ஒரே குடும்ப அட்டை, மறுப்பு ஏற்கப்படவில்லை என்று எழுதியது. மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே எழுத்து. இன்னொரு தடவை அமுக்கி அமுக்கி வைத்தாள். பெட்டியை அடிக்க மாட்டார்கள் என்று நினைத்தார்களே, அவளுக்கு அந்த நிமிஷம் அதைத் தூக்கித் தரையில் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது.

மேசையிலிருந்த இன்டர்காமை எடுத்தாள். “டாக்டர், எங்கூட்டுக்காரரு வந்திருக்காருங்க. அசல் நீலம். பொட்டி பச்சை போடுது. கொஞ்சம் வந்து மறுப்புப் போடுங்க டாக்டர், கெஞ்சிக் கேக்கறேன்.”

அந்தப் பக்கம் ஏதோ கருவி விடாமல் அலறிக்கொண்டிருந்தது. ஜெயசீலியின் குரல் கரகரத்தது. “கோகிலா, நேர்ல பாத்தாத்தான் என் மறுப்பும் செல்லும். நான் இப்ப ஒருத்தருக்குக் குழாய் எறக்கிட்டு இருக்கேன். கையை எடுத்தா இவர் போயிடுவார். குறைஞ்சது ஒரு மணி நேரம் ஆகும்மா.”

“ஒரு மணி நேரம் தாங்காதுங்க டாக்டர்! ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கறாரு.”

“அப்ப ஒரே வழிதான் இருக்கு. அந்த விதி நீ போட்டது. நீயே வாபஸ் வாங்கலாம். விதி போனா பெட்டி மறுபடியும் அவர் நகத்தைப் பாக்கும், தானா சிவப்பு போடும்.”

“வாங்கீர்றேன். இப்பவே வாங்கீர்றேன்.”

“சும்மா வாங்க முடியாது. நினைச்சா போடறதும் நினைச்சா எடுக்கறதுமா இருந்தா அப்புறம் பெட்டி எதுக்குன்னு பூட்டு வெச்சிருக்காங்க. அந்த மூணு மறுப்புல ஒண்ணாவது தப்புன்னு நிரூபணம் ஆகணும். திரையில பேரைத் தொடு, அவங்க இப்ப எப்படி இருக்காங்கன்னு காட்டும்.” கருவியின் அலறல் கூடியது. இன்டர்காம் அணைந்தது.

கோகிலா திரையைத் தொட்டாள். கடவுளே, ஒண்ணாவது தப்பா இருக்கணும், ஒண்ணே ஒண்ணு போதும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். வேண்டி முடித்த பிறகுதான் உறைத்தது. தப்பு என்றால் என்ன? அவள் பச்சை போட்டு அனுப்பிய ஒருவன் வீட்டில் செத்திருக்க வேண்டும். யாரோ ஒருத்தன் சாவைத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுப்பு ஒன்று: நலம். மறுப்பு இரண்டு: நலம். மறுப்பு மூன்று: தகவல் இல்லை.

சென்னியப்பனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் குனிந்து இரண்டு கையையும் முட்டிமேல் ஊன்றியிருந்தான். கழுத்தடியில் சதை ஒவ்வொரு மூச்சுக்கும் குழிந்து குழிந்து போனது.

அவள் அவன் முன்னால் மண்டியிட்டாள். “மாமா, மாரப்பண்ணன் எப்படி இருக்காருங்க?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். “நல்லா… இருக்கான்.”

“நெசமாலுமா?”

“ம்.”

மூன்றும் சரி. ஒன்றும் தப்பில்லை. அவள் கெட்டிக்காரி! அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எதிரே உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மாரப்பன் நம்பரைத் தேடிப் போனை எடுத்தாள். காதுக்குக் கொண்டுபோவதற்குள் நீலக் கை ஒன்று போனின்மேல் விழுந்து பொத்தியது.

“போடாத அம்மிணி.”

“ஏனுங்க?”

அவன் மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரமாயிற்று. “அவன் இல்ல. வெசாழக்கெழம… போயிட்டான்.”

இந்த இடத்தில் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டதும் கோகிலாவுக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. நெஞ்சிலிருந்து பாறையை இறக்கியது போலிருந்தது. அந்த நிம்மதி முழுசாக வந்து நின்ற பிறகுதான், அதன் பின்னாலேயே மாரப்பனின் சிரிப்பும் வந்தது.

ஏனென்றால் அவளுக்குத் தெரியும். முதல் இரண்டு பேருக்கு விரலைத் தூக்கிப் பிறையைப் பார்த்தாள். மூன்றாவது ஆளுக்குப் பார்க்கவில்லை. திரையில் ‘இரண்டு’ என்று நின்றுகொண்டிருந்தது. இன்னும் ஒன்று போட்டால் விதியாகிவிடும், மெத்தை காலியாகும், பந்திக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பிழைப்பார்கள். வரிசை தெருமுனை வரை நின்றது. தெரிந்த ஆள், தெரிந்த பட்டறை, தெரிந்த சாயம். கட்டைவிரலை வைத்துவிட்டாள்.

“எங்கிட்ட ஏனுங்க சொல்லல? அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே விதியை எடுத்திருப்பனே! உங்களுக்கு இந்தக் கதி வந்திருக்காதே!”

“நீ… ஒடஞ்சு போயிருவே,” என்றான் சென்னியப்பன். “நிக்க மாட்டே. இங்க.”

அதற்குமேல் பேச அவனிடம் மூச்சில்லை.

பெட்டியில் ‘வீட்டில் மரணம்’ என்பதை அழுத்தினாள். அதே அட்டையில் இருப்பவர் வாய்மொழியாக உறுதி செய்ய வேண்டும் என்றது. அதே அட்டையில் இருப்பது மாரப்பனின் மனைவி செல்லாத்தாள் மட்டும்தான். போனை ஒலிபெருக்கியில் போட்டுப் பெட்டியின் பக்கத்தில் வைத்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. சென்னியப்பன் தலை தொங்கியது. பொன்னுசாமி தாங்கிப் பிடித்தான்.

“ஆருங்க?” என்றது ஒரு குரல்.

“செல்லாக்கா, நான் கோகிலா பேசறனுங்க. சென்னியப்பன் சம்சாரம்.”

மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. அழுகிறாள் என்று கோகிலா நினைத்தாள்.

“சொல்லு அம்மிணி.”

“அண்ணனப் பத்தி… இப்பத்தானுங்கக்கா தெரியும்.”

“ஆமா. பச்சை போட்டாங்கன்னு அத்தன சந்தோசமா வந்தாரு. வடை வாங்கிட்டு வந்தாரு.” மூச்சு. “மக்யா நாளு விடிஞ்சும் எந்திரிக்கல. ஆரும் கிட்ட வரல. உங்கூட்டுக்காரருதான் வந்து தூக்கி எடுத்துட்டுப் போனாரு. அவரு நல்லாருக்கோணும்.”

புருஷனுக்கு நோய் எங்கிருந்து ஒட்டியது என்று இப்போது தெரிந்துவிட்டது. கோகிலா பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். சர்க்கார் கணக்குக்குக் கேட்கிறார்கள் என்று சொன்னால் போயிற்று. வாய் வரவில்லை.

“அவருக்கு வந்திருச்சுங்கக்கா. இங்க வாசல்ல உக்காந்திருக்காரு. பொட்டி மெத்தை குடுக்க மாட்டேங்குது. நான் போட்ட விதிதானுங்க. அண்ணனுக்கு நான் பச்சை போட்டது தப்புன்னு நீங்க உங்க வாயால சொன்னாத்தான் அந்த விதி போகும். அப்பத்தான் இவருக்கு மெத்தை.”

வரிசையில் இருந்தவர்கள்கூட இருமலை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

“தப்புத்தானா அம்மிணி?” என்றாள் செல்லாத்தாள். “நானு எங்கூட்டுக்காரரு விதி முடிஞ்சு போச்சாக்கும்னு இருந்தேன்.”

“தப்புத்தானுங்கக்கா. நான் நகத்தப் பாக்கல.”

மறுபடி மூச்சு மட்டும். வைத்துவிடுவாள், இதோ வைத்துவிடுவாள் என்று கோகிலா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்தால் கேட்க அவளுக்கு வாயேது?

“நாஞ் சொன்னா அவருக்கு மெத்தை கெடைக்குமா?”

“கெடைக்குமுங்க.”

“அப்படின்னா எழுதிக்கோ. மாரப்பன் சம்சாரம் செல்லாத்தா சொல்றேன். எங்கூட்டுக்காரரு வெசாழக்கெழம காத்தால வூட்ல செத்துப்போனாரு. நீலக் காய்ச்சல்ல.”

போன் அணைந்தது. பெட்டி கீகீ என்றது. மூன்றாவது மறுப்பு தவறு. விதி நீக்கப்பட்டது. அதன் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: செவிலியர் கோகிலவாணியின் மறுப்பு உரிமை நிறுத்திவைக்கப்படுகிறது. அவள் அதை வாசித்தாள்; மனசில் ஏறவில்லை. புருஷன் விரலை எடுத்து ஓட்டைக்குள் வைத்தாள்.

சிவப்பு.

சக்கர நாற்காலி வந்தது. இரண்டு ஆள் அவனைத் தூக்கி வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மணமேடையைத் தாண்டும்போது அவன் திரும்பிப் பார்க்க முயன்றான். முடியவில்லை, கையை மட்டும் தூக்கிக் காட்டினான். கோகிலா பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முகமூடிக்குள் மூக்கைத் துடைக்கக்கூட வழியில்லை. திரையின் ஓரத்தில் மாடியின் காலி மெத்தைக் கணக்கு நான்கிலிருந்து மூன்றானது.

“நாங்களும் பாத்துக்கலாமுங்களா சிஸ்டர்?” என்றான் பொன்னுசாமி.

அவள் தடுப்பதற்குள் விரலை விட்டுவிட்டான். கீகீ. சிவப்பு. அவன் முகம் வெளிறிப்போனது. பின்னால் நின்ற இரண்டு பேரும் பதறிப்போய் அடுத்தடுத்து விரலை விட்டார்கள். சிவப்பு. சிவப்பு.

“பொன்னுசாமியண்ணா, கையக் காட்டுங்க!” கோகிலா அவன் விரலைப் பிடுங்கிப் பார்த்தாள். நுனியெல்லாம் நீலம். அடியில் பிறை பளிச்சென்று வெள்ளை. மற்ற இருவருக்கும் அப்படியே. “உங்களுக்கு ஒண்ணுமில்லீங்கண்ணா. மூணு பேருக்குமே வெறுஞ் சாயம். வூட்டுக்குப் போங்க. உங்களுக்குக் கும்புடு போடறேன், மேல போகாதீங்க.”

கட்டைவிரலைப் பெட்டியில் வைத்தாள். உரிமை இல்லை என்றது.

பொன்னுசாமி நல்ல மனுஷன். கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோய், கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் சொன்னான்.

“மாரப்பனுக்கும் இப்படித்தானுங்க சொன்னீங்க.”

மூன்று பேரும் ஒருவர் பின்னால் ஒருவராகத் தங்கள் காலாலேயே மாடிப்படி ஏறிப் போனார்கள். மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கி, கணக்கு சைபரில் நின்றது. மாடிக் கதவு மூடிக்கொண்டது.

கால் மணி நேரம் போயிருக்கும். ஒரு ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் இறங்கவில்லை, வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பின்னாலிருந்து ஒரு பெண் கம்பியைப் பிடித்து இறங்கினாள். ஒரு காலை வைத்தாள், நின்றாள், பிறகு அடுத்த காலை வைத்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

கோகிலாவுக்கு ஆளைத் தெரிய ஒரு விநாடி ஆனது. போனில் கேட்டது அழுகை இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

செல்லாத்தாள் மெதுவாக வந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் தாமாகவே வழிவிட்டார்கள்.

“உங்கூட்டுக்காரருக்கு,” என்று நிறுத்தி மூச்சு வாங்கினாள், “மெத்தை கெடைச்சுதா அம்மிணி?”

“கெடைச்சுதுங்கக்கா.”

“நல்லதாப் போச்சு,” என்று சொல்லிவிட்டு அவள் விரலை நீட்டினாள். சாயம் படாத சுத்தமான கை. நகம் மட்டும் அடியிலிருந்து நீலமாக இருந்தது.